படகு ஐஸ்பெட்டியில் கூலிங் பிளேட் மாட்டணும்: எந்தப் பக்கம், எப்படி?

வாடைக்காத்து (கிராண்ட் பே) | வெள்ளி, இரவு 8:15

எல்லாருக்கும் வணக்கம். ஊர் ராமேஸ்வரம் பக்கம். இங்க மொரீஷியஸ்ல கிராண்ட் பேயில ஒரு 38 அடி பாய்மரப் படகைப் பாத்துக்கிறேன். டூரிஸ்ட்டை ஏத்திக்கிட்டு குவான் தெ மீர், இல் ப்ளாத் தீவுங்க பக்கம் போய்ட்டு சாயங்காலம் திரும்பிடுவோம். படகு மிதவையில கட்டிக் கிடக்கு, கரைக் கரண்ட் கிடையாது.

சமையல் மேடைக்குள்ள மேல்மூடி வச்ச ஐஸ்பெட்டி ஒண்ணு இருக்கு. உள்ளளவு 60 × 45 × 42 செ.மீ. இதுவரைக்கும் ஐஸ் வாங்கிப் போட்டுத்தான் ஓட்டுறோம். இந்த ஜனவரி வெயில்ல ஐஸ் செலவு கட்டுப்படியாகலன்னு முதலாளி 12 வோல்ட் செட் ஒண்ணு வரவழைச்சிட்டார். பிடி 35 கம்ப்ரசர், ஃபேன் வச்ச கண்டன்சர், தட்டையான அலுமினிய பிளேட். குளிரூட்டுற ஆர் 134ஏ கேஸ் நிரப்பியே வந்திருக்கு, பைப்பை நடுவுல கப்ளிங் போட்டு திருகி மாட்டணும்.

என் சந்தேகம்: பிளேட்டை அடியில போடவா, பக்கவாட்டுல மாட்டவா? பெட்டிக்கு ஏத்த மாதிரி அதை எல் வடிவத்துல வளைக்கலாமா? கம்ப்ரசரை எஞ்சின் ரூம்ல வச்சா தொந்தரவு இல்லாம இருக்கும்னு முதலாளி சொல்றார், அது சரியா? ஏற்கெனவே மாட்டினவங்க சொல்லுங்க.


முத்துநகர் (போர்ட் லூயி) | வெள்ளி, இரவு 9:02

தம்பி, நான் தூத்துக்குடி. இங்க வந்தும் ஃப்ரிட்ஜ், ஏசி வேலைதான்.

அடியில வேண்டாம். குளிர்ந்த காத்து கீழ இறங்கும், அதனால பிளேட் மேல்பாதியில பக்கச் சுவத்துல இருக்கணும். அடியில போட்டா அதுமேல பாட்டில் உக்காரும், தண்ணி நிக்கும், ரெண்டே வருஷத்துல அரிச்சிரும். சுவத்தோட ஒட்டியும் மாட்டக்கூடாது. 12, 15 மி.மீ. பிளாஸ்டிக் குழல் வச்சு முன்தள்ளி மாட்டுங்க. அப்பத்தான் பின்பக்கமும் காத்து ஓடி ரெண்டு முகமும் வேலை செய்யும். ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ நேரா அலுமினியத்தைத் தொடாம நைலான் வாஷர் போடுங்க. உப்புக் காத்துல அந்த ரெண்டு உலோகமும் தொட்டா அலுமினியம்தான் சாகும். ஓட்டை போடுறது தயாரிப்பாளர் விட்டிருக்கிற மூலைகள்ல மட்டும். கேஸ் ஓடுற கால்வாய் மேல டிரில் பட்டா பிளேட் குப்பைக்குத்தான்.

வளைக்கிறது: கூட வந்த தாள்ல வளைக்கலாம்னு கோடு போட்டிருந்தா வளைங்க. உருண்டையான கட்டை வச்சு மெதுவா, கையாலேயே. சுத்தியல் ஆகாது. செப்புக் குழாயும் அலுமினியமும் சேர்ற இடத்துல கருப்பு உறை ஒண்ணு இருக்கும், அதுக்குப் பக்கத்துல வளைவு வரக்கூடாது. அந்த உறை கிழிஞ்சா உள்ள ஈரம் போய் அந்த மூட்டுலதான் முதல்ல கேஸ் கசியும். உங்க பெட்டிக்கு வளைக்காமலே நீளப் பக்கம் 60 செ.மீ. இருக்கே, அதுல மாட்டுங்க.

எஞ்சின் ரூம் வேண்டவே வேண்டாம். டீசல் எஞ்சின் ஓடி நின்னா உள்ள 45, 50 டிகிரி. அந்தக் காத்தை வச்சு கண்டன்சர் எப்படிச் சூட்டை வெளிய தள்ளும்? சீட்டுக்கு அடியில வைங்க, கீழ குளிர்காத்து வர ஒரு திறப்பு, மேல சூடு போக இன்னொண்ணு.


பழைய எஞ்சின் ரூம் (போர்ட் லூயி) | வெள்ளி, இரவு 10:40

முத்துநகர் சொன்னது எல்லாமே சரி. ஆனால் தம்பி, பிளேட்டைக் கையில் எடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெட்டியை அளந்தீர்களா? நீள அகலத்தைச் சொல்லவில்லை. எவ்வளவு சூடு உள்ளே புகுகிறது என்று கேட்கிறேன்.

டூனா கப்பல்களின் குளிர்பதன அறைகளில் வேலை பார்த்து இந்தத் துறைமுகத்திலேயே ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு சிறு படகுகளுக்கு உதவப் போகும்போது பார்ப்பது ஒன்றுதான். செட்டுக்குக் காசு செலவழிக்கிறார்கள், பெட்டியைத் தொடுவதில்லை. பிறகு கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, பேட்டரி காலையில் படுத்துவிடுகிறது, பழி கம்ப்ரசர் மேல் விழுகிறது. குளிரைச் சேமிப்பது பெட்டி. பிளேட் செய்வதெல்லாம் உள்ளே புகுந்த சூட்டை அள்ளி வெளியே கொட்டுவது. எவ்வளவு புகுகிறது என்று தெரியாமல் பிளேட் மாட்டுவதில் அர்த்தம் இல்லை.

அளப்பதற்கு உங்களிடமே கருவி இருக்கிறது, ஐஸ். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் சூடு வேண்டும். அதை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் கிட்டத்தட்ட 4 வாட். ஆகவே ஒரு நாளில் எத்தனை லிட்டர் உருகியதோ அதை நான்கால் பெருக்குங்கள், பெட்டியின் கசிவு வாட் கணக்கில் வந்துவிடும்.

செய்முறை: முதல் நாள் பெட்டியில் ஐஸ் நிறையப் போட்டு மூடி, சுவரெல்லாம் குளிரட்டும். மறுநாள் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, ஐஸ் இருபது கிலோவுக்குக் குறையாமல் இருக்கும்படி நிரப்பி, ட்ரெயினை (அடியில் தண்ணீர் வடியும் குழாயை) அடைத்து மூடிவிடுங்கள். 24 மணி நேரம் யாரும் திறக்கக்கூடாது, ஒரு பாட்டில் எடுக்கக்கூடத்தான். அடுத்த நாள் அதே நேரத்தில் உருகிய தண்ணீரை மட்டும் வடித்து அளவுபாத்திரத்தில் அளந்து இங்கே எழுதுங்கள். படகுக்குள் வெப்பநிலை என்ன என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.


சமையற்கட்டு (த்ரூ தோ தூஸ்) | சனி, காலை 6:20

இல் ஓ செர்ஃப் தீவுக்குப் போற கட்டமரான்ல சமையல் என் பொறுப்பு, சொந்த ஊரு காசிமேடு. தம்பி, இன்னொரு கணக்கையும் சேத்துக்கோ. பெட்டிக்குள்ள நீ என்ன வைக்கப் போற?

28 டிகிரியில இருக்கிற பாட்டில் தண்ணி, பீர் எல்லாம் சேர்த்து 10 லிட்டர் உள்ள வச்சா, அதை 5 டிகிரிக்கு இறக்கவே கிட்டத்தட்ட 3 கிலோ ஐஸ் உருகுற சூட்டை எடுக்கணும். தினமும் அது நடக்கும். அதனால கடையிலேர்ந்து ஏற்கெனவே குளிர்ந்ததா வாங்கி ஏத்து. எங்க படகுல நான் இதுல கறாரா இருப்பேன், சூடான கிரேட் உள்ள போகவே விடமாட்டேன்.

அப்புறம் மீன். தூண்டில் போட்டு வர்ற வழியில தோன் (சூரை மீன்) விழுந்தா அதை இந்தப் பிளேட்டை நம்பி வைக்காதே. சூரை, டொராட் மாதிரி மீன் சூட்டுல கிடந்தா ஹிஸ்டமின் ஏறிடும். அது ஏறின மீனை எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது, சாப்பிட்டவங்களுக்கு முகம் செவந்து, தலைவலி, வாந்தி. ஐஸும் கடல்தண்ணியும் கலந்த தொட்டியில உடனே அமுக்கணும். மீனுக்குத் தனி ஐஸ்பெட்டி டெக்குல இருக்கட்டும். இதை மட்டும் விட்டுடாதே.


பழைய எஞ்சின் ரூம் | சனி, காலை 7:05

அக்கா சொன்னதற்கு எண் ஒன்று சேர்க்கிறேன். 20 கிலோ மீனை 28 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு இறக்க சுமார் 500 வாட்-மணி சூட்டை எடுக்க வேண்டும். பிடி 35 மாதிரி சிறு கம்ப்ரசர், பெட்டியின் கசிவையும் சமாளித்துக்கொண்டு இதையும் செய்வதற்குள் விடிந்துவிடும். அதே வேலையை ஐந்தரை கிலோ ஐஸ் மீனைச் சுற்றி நின்று சீக்கிரம் முடித்துவிடும்.


காத்ர் போர்ன் பாரி | சனி, பிற்பகல் 2:30

ஐயா அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் இங்கேயே பிறந்தவன், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ரிவியேர் ந்வாரில் ஒரு சிறு படகு இருக்கிறது.

என் படகில் இருப்பது வேறு வகைப் பிளேட். ஸ்டெயின்லெஸ் பெட்டி போல் தடிமனாக இருக்கும், உள்ளே உப்புக் கரைசல். இரவில் கரை மின்சாரத்தில் கம்ப்ரசர் ஓடி அந்தக் கரைசலை உறைய வைக்கும். பகல் முழுவதும் அது மெல்ல உருகிக் குளிர் தரும். பகலில் பேட்டரிக்கு வேலையே இல்லை. நண்பர் ஏன் அதை எண்ணிப் பார்க்கவில்லை? மெல்லிய அலுமினியப் பிளேட் கம்ப்ரசர் நின்ற உடனே சூடாகிவிடுமே.


முத்துநகர் | சனி, மாலை 5:48

பாரி அண்ணே, உங்க தமிழ் எங்க தமிழை விட நல்லா இருக்கு. நீங்க சொல்ற பிளேட் உங்களுக்குச் சரி, ஏன்னா உங்களுக்கு 230 வோல்ட் கரைக் கரண்ட் இருக்கு. கரைசலை உறைய வைக்கணும்னா குறுகின நேரத்துல நிறைய சூட்டை இழுக்கணும், அதுக்குப் பெரிய கம்ப்ரசர் வேணும். இல்லைன்னா எஞ்சின்ல பெல்ட் போட்டு ஓட்டணும். இந்தத் தம்பி படகு மிதவையில கிடக்கு. சோலார் பேனல் பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கும், சின்ன கம்ப்ரசர் கொஞ்சம் கொஞ்சமா ஓடும். ரெண்டும் ஒத்துப்போகும். அதோட அந்த ஸ்டெயின்லெஸ் பிளேட் கனமும் ஜாஸ்தி, பெட்டிக்குள்ள இடமும் தின்னும்.


காத்ர் போர்ன் பாரி | சனி, மாலை 6:10

புரிந்தது. கரை மின்சாரம் இல்லாத இடத்தில் என் முறை ஒத்துவராது. காவடி விரதத்தில் இருப்பதால் இந்த வாரம் படகுப் பக்கம் போகவில்லை. போனதும் என் பெட்டியையும் ஐயா சொன்னபடி ஐஸ் போட்டு அளக்கிறேன்.


வாடைக்காத்து | திங்கள், இரவு 7:30

அளந்தாச்சு. சனிக்கிழமை குளிர வச்சு, நேத்து காலையில வடிச்சு நிரப்பி மூடி, இன்னைக்கு அதே நேரம் தொறந்தேன். 14 லிட்டர் தண்ணி. படகுக்குள்ள 29, 30 டிகிரி. ஐயா கணக்குப்படி 56 வாட் வருது. இது அதிகமா, சாதாரணமா?


பழைய எஞ்சின் ரூம் | திங்கள், இரவு 9:15

அதிகம். உங்கள் பெட்டிச் சுவர் எவ்வளவு தடிமன் என்று சொல்லவில்லை, இந்த வகைப் படகுகளில் 5 செ.மீ. ஃபோம் இருப்பது வழக்கம். உலர்ந்த பாலியூரித்தேன் ஃபோம் என்றால் உங்கள் அளவுக்கு 25 வாட் பக்கம்தான் வர வேண்டும். இரண்டு மடங்குக்கு மேல் கசிகிறது. அந்த மிச்சம் எங்கே போகிறது என்று மூன்று இடங்களில் தேடுங்கள்.

ட்ரெயின். பெட்டி அடியிலிருந்து குழாய் நேரே பில்ஜுக்கு, அதாவது படகின் அடிப்பள்ளத்துக்கு, போகிறதா? போனால் குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலவே அந்த ஓட்டை வழியாக இரவும் பகலும் ஒழுகிக்கொண்டிருக்கும். சோதனையின்போது அடைத்திருந்தீர்கள், ஆகவே அந்த 14 லிட்டரில் இது சேரவில்லை. சாதாரண நாட்களில் உங்கள் நிலை இன்னும் மோசம் என்று அர்த்தம். குழாயை யு வடிவத்தில் வளைத்து, அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள்.

மூடி. மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டைச் சொருகி மூடி, இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் பிடிமானம் இருக்க வேண்டும். மூடியையே தட்டிப் பாருங்கள், பல படகுகளில் அதற்குள் ஃபோம் இருக்காது, வெறும் பலகைதான்.

மூன்றாவதுதான் எனக்குச் சந்தேகம். ஃபோமே நனைந்திருக்கும். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு நீராவி ஊடுருவிப் போய் அங்கே தண்ணீராகத் தங்கும். வெளிப்பக்கம் சரியாகப் பூசாத பெட்டியில் வருடக்கணக்கில் இது நடக்கும். நனைந்த ஃபோம் சூட்டைத் தடுக்காது. பெட்டியின் வெளிச்சுவரில், அடிப்பக்கத்தில், உள்சுவரைத் தொடாத ஆழத்துக்கு 4 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டுப் பாருங்கள். டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் தவறி உள்ளே போகாது.


வாடைக்காத்து | வியாழன், இரவு 8:50

ட்ரெயின் நேரா பில்ஜுக்குத்தான் போச்சு. முன்னாடி யாரோ மாட்டினது, யு வளைவே வைக்கல. இப்போ போட்டுட்டேன். மூடியில பின்பக்கம் காகிதம் சும்மா உருவிக்கிட்டு வந்துச்சு. ஃப்ரிட்ஜ் கதவுல வர்ற ரப்பர் காஸ்கெட் வாங்கி ரெண்டு வரிசை ஒட்டினேன். மறுபடி ஐஸ் வச்சு அளந்தா 11 லிட்டர்.

அப்புறம் ஐயா சொன்னபடி அடியில டிரில் போட்டேன். பிட்டை வெளிய எடுக்கும்போதே மஞ்சள் சேறு மாதிரி ஃபோம் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பின்னாடியே தண்ணி. சொட்டுச் சொட்டா இல்ல, கம்பி மாதிரி ஓடுச்சு. கீழ வச்ச டம்ளர் நிறைஞ்சு வழிஞ்சு போச்சு. எஞ்சின் பக்கச் சுவத்துலயும் ஒண்ணு போட்டேன், அங்கயும் ஈரம். மத்த ரெண்டு பக்கம் காஞ்சு இருக்கு, தூள் தூளா மஞ்சளா வருது.

முதலாளிகிட்ட அந்த டம்ளரைக் காட்டினேன். பெட்டியைச் சரி பண்ணிட்டுத்தான் மத்த வேலைன்னு சொல்லிட்டார்.


பழைய எஞ்சின் ரூம் | வியாழன், இரவு 9:20

இதைத்தான் தம்பி சொன்னேன். அந்தத் தண்ணீரோடு பிளேட்டை மாட்டியிருந்தால் கம்ப்ரசர் ஆயுள் முழுக்க அந்த ஈரத்தோடு மல்லுக்கட்டியிருக்கும், யாருக்கும் காரணம் தெரிந்திருக்காது. நல்ல வேலை செய்தீர்கள்.


முத்துநகர் | வெள்ளி, காலை 7:40

இப்போ பெட்டி வேலை. உள்பக்கத்துலேர்ந்து அடியையும் எஞ்சின் பக்கத்தையும் ஃபைபர் கட்டர் வச்சு ஜன்னல் மாதிரி வெட்டி எடுங்க. ஈர ஃபோம் எல்லாத்தையும் சுரண்டுங்க, ஓரத்துல கொஞ்சம் இருக்கட்டும்னு விடாதீங்க. ரெண்டு மூணு நாள் ஃபேன் ஓட விட்டு காய வைங்க. வெளிச்சுவரோட உள்முகத்துக்கு எப்பாக்ஸி ரெண்டு கை அடிங்க, ஈரம் மறுபடி ஊடுருவாது.

அப்புறம் பலகை ஃபோம் வெட்டி அடுக்குங்க. மூட்டுக்கு மேல மூட்டு வராம ரெண்டு அடுக்கா வைங்க. பாலிஸ்டைரின் பலகைன்னா பாலியெஸ்டர் ரெசின் அடிச்சா கரைஞ்சு குழியாயிரும், எப்பாக்ஸி மட்டும்தான். ஸ்ப்ரே டப்பா ஃபோம் சந்து பொந்துக்குச் சரி, மூடின பெரிய இடத்துல அடிச்சா உள்ள இறுகாம ஈரமாவே கிடக்கும், ஏன்னா அது இறுக காத்துல உள்ள ஈரம் வேணும். பெரிய இடத்துக்கு ரெண்டு திரவம் கலந்து ஊத்துற பஃப் (பாலியூரித்தேன் ஃபோம்) வாங்குங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. ஒரேயடியா ஊத்தினா உப்பி சுவரையே வெளிய தள்ளிரும்.

இடம் இருந்தா அடியிலயும் எஞ்சின் பக்கமும் உள்ள இன்னொரு 5 செ.மீ. ஏத்துங்க. 113 லிட்டர் பெட்டி 92 ஆகும். போற 21 லிட்டரை நினைச்சு வருத்தப்படாதீங்க.


உப்புக்காத்து (லெ போர், ரெயூனியோன்) | வெள்ளி, இரவு 9:55

பக்கத்துத் தீவுலேர்ந்து ஒரு கேள்வி. நான் புதுச்சேரிக்காரன். என்கிட்டயும் இதே மாதிரி செட் இருக்கு. இங்க பிரான்ஸ் சட்டம், ஆர் 134ஏ கேஸைத் தொடணும்னா சான்றிதழ் வச்ச ஆள்தான் வரணும். அதனால கப்ளிங் வச்ச செட்டே வாங்கினேன். ஆனா ஒரு மெக்கானிக் கப்ளிங்கை வெட்டிட்டு வெல்டிங் பண்ணிடலாம், அதுதான் நிரந்தரம்னு சொல்றார். எது நல்லது?


முத்துநகர் | சனி, காலை 8:10

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. உப்புக் காத்துல வருஷம் ஆக ஆக கப்ளிங்ல கசிவு வர வாய்ப்பு உண்டு, வெள்ளி பிரேசிங் (வெள்ளிக் கலவைக் கம்பியை உருக்கி ஒட்டுறது) வச்சா அந்தத் தொல்லை இல்லை. ஆனா அப்படிப் பண்ணணும்னா உள்ள நைட்ரஜன் ஓட விட்டுத்தான் பிரேசிங் பண்ணணும், வேக்யூம் பம்ப் போட்டு ஈரத்தை முழுசா இழுக்கணும், கேஸை எடை போட்டு ஏத்தணும். இதுல ஒண்ணு விட்டாலும் உள்ள இருக்கிற நூல் மாதிரி மெல்லிசான கேப்பிலரிக் குழாய் அடைச்சிக்கும். படகுக்குள்ள நெருப்பு வச்சு வேலை செய்யற ஆபத்து வேற. புது செட்டை நான் வெட்டமாட்டேன். கப்ளிங்கையே ஒழுங்கா மாட்டுங்க.


பழைய எஞ்சின் ரூம் | சனி, காலை 9:00

ஒழுங்காக மாட்டுவது என்றால் என்ன என்றும் எழுதிவிடுகிறேன், இரண்டு பேருக்கும் பயன்படும். கப்ளிங் மூடியைக் கழற்றியதும் இரு முகத்தையும் பஞ்சில்லாத துணியால் துடைத்து, ரப்பர் வளையத்தில் கம்ப்ரசர் எண்ணெய் ஒரு துளி. கையால் நேராகத் திருகித் தொடங்குங்கள். பிறகு இரண்டு ஸ்பானர்: ஒன்று குழாய்ப் பக்கத்தை அசையாமல் பிடிக்க, மற்றது நட்டை மட்டும் சுற்ற. குழாயே சுற்றினால் உள்ளே முறுகிவிடும். தொடங்கிய பின் நடுவில் நிறுத்தாமல் முடித்துவிடுங்கள், பாதித் திருகலில்தான் கேஸ் வெளியேறும். முடிந்ததும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

குழாய் சுவர் வழியாக வர, கப்ளிங் நுழையும் அளவுக்கு ஹோல்சாவால் (வட்ட ரம்பத்தால்) ஓட்டை போட வேண்டும். மேல்பக்கமாகப் போடுங்கள். குழாயைப் போட்டபின் அந்த ஓட்டையை ஃபோம் வைத்து அடைத்து இரு பக்கமும் சீலன்ட் பூசுங்கள். அடைக்காத ஓட்டை வழியாகத்தான் அடுத்த முறை ஈரம் நுழையும். மிச்சக் குழாயைப் பெரிய வட்டமாகச் சுருட்டி, படுக்கை வசத்தில் கட்டுங்கள்.

மின்சாரம்: கேபின் ஸ்விட்ச் போர்டிலிருந்து எடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர், 15 ஆம்ப் ஃபியூஸ். தூரம் 4 மீட்டர் வரை 4 சதுர மி.மீ., 6 மீட்டர் வரை 6 சதுர மி.மீ. மெல்லிய வயர் போட்டால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்டேஜ் விழுந்து, யூனிட் பேட்டரி தீர்ந்தது என்று நினைத்து நின்றுவிடும். அதில் விளக்கு இணைத்திருந்தால் ஒரு முறை மின்னும். வேகத்தை முதலில் குறைந்த அளவில், நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே வையுங்கள். மெதுவாக, அதிக நேரம் ஓடுவதுதான் மின்சாரச் சிக்கனம். போதாவிட்டால் தெர்மோஸ்டாட் வயரில் தொடராக 277 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 2,500 சுற்று.


வாடைக்காத்து | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, பிற்பகல் 3:20

பெட்டி வேலை முடிஞ்சு ஐஸ் வச்சு அளந்தேன், 7 லிட்டர். 28 வாட். 56 வாட்லேர்ந்து இங்க வந்திருக்கு. பிளேட் மாட்டினது எஞ்சினுக்கு எதிர்ப்பக்கச் சுவத்துல, கம்ப்ரசர் சீட்டுக்கு அடியில.

ஒரே ஒரு சிக்கல். நேத்துலேர்ந்து ஓடுது, பிளேட்ல குழாய் நுழையற மூலையிலேர்ந்து பாதி வரைக்கும்தான் வெள்ளையா பனி புடிக்குது. அதுக்கு மேல வெறும் ஈரம். பெட்டி 11 டிகிரிக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. கம்ப்ரசர் நிக்கவே இல்ல.


முத்துநகர் | ஞாயிறு, பிற்பகல் 3:55

முதல் சில மணி நேரம் பெட்டி சூடா இருக்கும்போது அப்படித்தான் இருக்கும். ஒரு நாள் ஓடியும் பாதியிலேயே நின்னா கேஸ் குறைவு. உள்ள போற திரவம் பாதிப் பிளேட்டுலயே ஆவியாகித் தீந்து போகுது. கப்ளிங்ல சோப்பு நுரை போட்டு டார்ச் அடிச்சு அஞ்சு நிமிஷம் பொறுமையா பாருங்க. சின்ன கசிவு உடனே தெரியாது.


வாடைக்காத்து | ஞாயிறு, மாலை 5:10

பெரிய குழாய் கப்ளிங்ல, அடிப்பக்கம். கண்ணாடி வச்சுப் பாத்தாத்தான் தெரியுது. குண்டூசித் தலை மாதிரி ஒரு குமிழி மெல்ல வளந்து உடையுது, மறுபடி வளருது. ரெண்டு ஸ்பானர் வச்சு கால் சுத்து இறுக்கினேன், நின்னுடுச்சு. போன கேஸை எப்படி ஏத்துறது?


முத்துநகர் | ஞாயிறு, மாலை 5:25

நீங்க ஏத்தாதீங்க, கேஜும் தராசும் எடுத்துக்கிட்டு நாளைக்கு சாயங்காலம் நான் வர்றேன். இந்தச் சின்ன செட்ல பத்து கிராம் கூடினாலும் தெரியும். கொஞ்சம் விட்டு, கால் மணி நேரம் பொறுத்து, பனி எங்க வரைக்கும் நகருதுன்னு பாக்கணும். பிளேட்டோட கடைசி ஓரம் வரைக்கும் வரணும். பெட்டிக்கு வெளிய இருக்கிற குழாய்ல பனி புடிச்சா கூடிப்போச்சுன்னு அர்த்தம்.


வாடைக்காத்து | சனி, இரவு 8:00

அண்ணன் வந்து ஏத்திட்டார், காசு வாங்க மாட்டேன்னுட்டார். அம்மா அனுப்பின கருவாடு கொடுத்து அனுப்பினேன்.

இந்த வாரக் கணக்கு: பெட்டி 4 டிகிரி. பிளேட் முழுக்க ஒரே சீரா வெள்ளை. பேட்டரி மானிட்டர்ல ஒரு நாளைக்கு 50 ஆம்ப்-மணி பக்கம் எடுக்குது, அதுவும் பாட்டில் ஏத்துற நாள்ல. 200 வாட் பேனல் ஒண்ணு வெயில் நாள்ல அதை ஈடுகட்டுது, மேகமூட்டம்னா எஞ்சின் கொஞ்சம் ஓட்டணும். மீனுக்கு அக்கா சொன்னபடி டெக்குல தனிப் பெட்டி, ஐஸ் வாங்குறது அதுக்கு மட்டும்தான்.

ரெண்டு கேள்வி பாக்கி. பனி எவ்வளவு தடிமன் ஆனா எடுக்கணும்? புயல் எச்சரிக்கை வந்து படகை ஒதுக்கமா கொண்டுபோய்க் கட்டினா ஃப்ரிட்ஜை ஓட விடலாமா?


பழைய எஞ்சின் ரூம் | சனி, இரவு 9:30

மொத்தமாக 50 ஆம்ப்-மணி என்பது உங்கள் பெட்டிக்குச் சரியான எண். பழைய ஈர ஃபோமோடு இருந்திருந்தால் அது 90 பக்கம் போயிருக்கும், ஒரு பேனல் போதாது.

பனி 5, 6 மி.மீ. ஆனதும் எடுத்துவிடுங்கள். தடித்த பனியே சூட்டைத் தடுக்கும். கம்ப்ரசரை நிறுத்தி, மூடியைத் திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைப் பிளேட்டில் போட்டால் தகடாகக் கழன்று விழும். கத்தி, ஸ்குரூ டிரைவர் எதையும் பிளேட் பக்கம் கொண்டுபோக யாரையும் விடாதீர்கள். கால்வாய்ச் சுவர் மிக மெல்லியது, ஒரு கீறல் போதும்.

புயலுக்கு, முதல் வகுப்பு (தொடக்க நிலை) எச்சரிக்கை வந்ததுமே பெட்டியைக் காலி செய்து, பேட்டரி ஃபியூஸிலேயே ஃப்ரிட்ஜைத் துண்டித்துவிடுங்கள். ஆள் இல்லாத படகில் பேட்டரியில் இருக்கும் ஒவ்வொரு ஆம்பும் பில்ஜ் பம்புக்கு வேண்டும். பெட்டி மூடியைக் கட்டை வைத்து ஒரு விரல் அளவு திறந்து கட்டுங்கள், பூஞ்சை பிடிக்காது. ட்ரெயின் யு வளைவில் தண்ணீர் இருக்கிறதா என்று திரும்பி வந்ததும் பாருங்கள், மூடி திறந்து கிடந்தால் அது வற்றியிருக்கும். ஒரு டம்ளர் ஊற்றிவிட்டு ஃபியூஸைப் போடுங்கள்.